மொட்டை அம்பு

எங்க கொறங்காட்டோட தென்மூலையில, கிணறு வெட்டுனப்ப அள்ளிக் கொட்டுன மண்ணும் கல்லும் ஒரு மேடா கெடக்குது. எங்கப்பா காலத்துல வெள்ளாடு ஏறி நிக்கற எடம். இப்ப அந்த மேட்டை ஒட்டி ஆள் ஒசரத்துக்கு ஒரு சாக்கு மூட்டை நிக்குது. அங்கிருந்து 50 மீட்டர் டேப் புடிச்சு அளந்து ஒரு கல்லு நட்டிருக்கேன். அந்தக் கல்லுகிட்ட நின்னுதான் எம்பொண்ணு வில் விடறா.

கொறங்காடுன்னா பட்டணத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாது. காங்கேயம், தாராபுரம் பக்கம் மாடு மேயறதுக்குன்னே விட்ட மானாவாரி நிலம். சுத்தியும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம். வில்லு விடறதுக்கு இதைவிடத் தோதான எடம் கிடைக்காது. பின்னால மண்மேடு இருக்கறதால தவறிப் போற அம்பும் மண்ணுலதான் சொருகும். மூட்டைக்குள்ள அடைச்சிருக்கறது திருப்பூர் பனியன் வேஸ்ட். கிலோக் கணக்குல வாங்கியாந்து, உரச்சாக்கை ஒண்ணா வெச்சுத் தெச்சு, காலால மிதிச்சு மிதிச்சு அடைச்சது. வைக்கோலை ஊடுருவிப் போற அம்பு பனியன் துணியில நின்னுக்கும்.

பாப்பா விடறது காம்பவுண்ட் வில். ராமர் படத்துல பாக்கற வில்லு மாதிரி இருக்காது. ரெண்டு முனையிலயும் சக்கரம், குறுக்கும் நெடுக்கும் கேபிள். மொத மொதல்ல பாத்தப்ப எனக்குக் கிணத்து ராட்டினந்தான் ஞாபகம் வந்துச்சு. ஆனா ராட்டினத்துக்கு அச்சு நடுவுல இருக்கும், இதுக்கு ஓரமா இருக்குது. சூட்சுமமே அதுலதான். இழுக்க ஆரம்பிக்கையில அவ வில்லு 48 பவுண்டு, ஏறக்குறைய 22 கிலோ. முழுசா இழுத்து முடிக்கறப்போ சக்கரம் திரும்பிப் பாரத்தைத் தான் வாங்கிக்கும். கையில மிச்சம் 12 பவுண்டு, அஞ்சரைக் கிலோதான். அந்த அஞ்சரைக் கிலோவைப் புடிச்சுக்கிட்டு நிதானமா குறி பாக்கலாம். அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துக்காரர் ஹோலிஸ் வில்பர் ஆலன்னு ஒருத்தர், சாதாரண வில்லோட நுனியை அறுத்துட்டு ராட்டினத்தை மாட்டிப் பாத்து இதைக் கண்டுபுடிச்சிருக்கார். 1969-ல காப்புரிமை வாங்குனார். பட்டறையில தட்டிக் கொட்டிப் பாக்கற ஆளுன்னு தெரிஞ்சதும் எனக்கு அவரைப் புடிச்சுப் போச்சு.

இந்த வில்லு விலை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. கண்ணபுரம் தேர்ச் சந்தையில ஒரு ஜோடிக் காளைக் கன்னை வித்து, மேலயும் கொஞ்சம் போட்டு, இன்னொரு பையன் விட்டுக்கிட்டிருந்த பழைய வில்லைத்தான் வாங்குனோம். ஒண்ணே கால் லட்சம். எங்க வீட்டம்மா ஒரு மாசம் எங்கிட்ட சரியாப் பேசலை.

மொத வருசம் நல்லாத்தான் போச்சு. ரெண்டாவது வருசம் அம்பு செதற ஆரம்பிச்சுது. போட்டியில 72 அம்பு, அம்புக்கு 10 மேனிக்கு 720. பாப்பா 630-ஐத் தொட்டு அங்கேயே நின்னுட்டா. நடுவுல இருக்கற பத்து வட்டம் வெறும் 8 சென்டிமீட்டர். நாலு அம்பு அதுக்குள்ள போகும், ரெண்டு சம்பந்தமில்லாம ஏழுக்கும் ஆறுக்கும் போகும். பயிற்சிக்குப் போன எடத்துல, "பொண்ணுக்குக் கை நிக்க மாட்டேங்குது, பதட்டம், இதுக்கு மேல வராது"ன்னுட்டாங்க. குறி பாக்கற சைட்டை மட்டும் அப்பப்போ ஏத்தி எறக்கிக் குடுப்பாங்க.

ஒரு நா ராத்திரி திண்ணையில வந்து ஒக்காந்தா. "அப்பா, என்னால முடியலீங்ப்பா. வில்லை வித்துப்போடுங்க. மாட்டையாச்சும் திரும்ப வாங்கிக்கலாம்"னா. பதினாறு வயசுப் புள்ள. எனக்கு மாட்டைப் பத்தி நெனப்பு வரலை. இவ கை நடுங்கி நான் பாத்ததில்லையேங்கறதுதான் வந்துச்சு. பால் கறக்கறப்போ, ஊசியில நூல் கோக்கறப்போ, எதுலயும் நடுங்காத கை.

"பொறு கண்ணு. கையா வில்லான்னு பாத்துட்டு விப்போம்"னேன்.

ஏர் ஓட்டுனவங்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். கலப்பை ஆழமா எறங்கலைன்னா மேழியை அழுத்திப் புடிச்சு நாள் பூராவும் ஓட்டலாம். கையும் இடுப்பும் போயிரும், உழவும் ஒரே சீரா இருக்காது. விவரம் தெரிஞ்சவன் மாட்டை நிறுத்திட்டு, ஏர்க்கால்ல நுகத்தடியைப் பூட்டற எடத்தை முன்ன பின்ன மாத்துவான். அப்புறம் மேழியில கை சும்மா இருந்தாலே போதும். சைட்டை ஏத்தி எறக்கறது மேழியை அழுத்தற வேலை. செதறி விழற அம்பெல்லாம் சேந்து கொஞ்சம் நகரும், செதறறது நிக்காது.

பாப்பாகூடப் பயிற்சி எடுக்கற காலேஜ் பொண்ணு ஒருத்தி இருக்கா. நல்லா விடுவா, மாநில அளவுல மெடல் வாங்குனவ. அவதான் மொட்டை அம்பு விட்டுப் பாக்கச் சொன்னது. அம்போட வால்ல சின்னதா மூணு பிளாஸ்டிக் இறகு ஒட்டியிருக்கும். அம்பு கோணலாக் கெளம்புனாலும் இறகு காத்தைப் புடிச்சு நேராக்கிடும். வில்லுல இருக்கற கோளாறை இறகு மூடி மறைச்சிரும். இறகில்லாத அம்பு அப்படியில்ல, கோணலாக் கெளம்புனா கோணலாவே போய் நிக்கும்.

இதே சோதனையை அமெரிக்காவுல வேற மாதிரி பண்றாங்க. அங்க பல மாநிலத்துல வில்லுல மான் வேட்டை ஆடறதுக்கு அரசாங்கமே அனுமதி குடுத்துத் தனிப் பருவம் வெச்சிருக்குது. வருசம் பூரா மொழுமொழுன்னு இருக்கற பயிற்சி முனையைப் போட்டுப் பழகுவாங்க. வேட்டைக்குப் போறப்போ பிளேடு வெச்ச முனையை மாட்டுவாங்க. ரெண்டும் ஒரே எடைதான், பெரும்பாலும் 100 கிரெய்ன், நம்ம கணக்குல ஆறரை கிராம். ஆனாலும் ஒரே எடத்துல படாது. பிளேடு முன்னாடி வெச்ச இறகு மாதிரி. அம்பு துளி கோணலாக் கெளம்புனாலும் பிளேடு காத்தைப் புடிச்சு வேற பக்கம் இழுத்துட்டுப் போயிரும். அதனால ரெண்டு முனையும் ஒரே எடத்துல பட்டாத்தான் வில்லு சரியா இருக்குன்னு அர்த்தம். அங்கயும் சிலபேர் பிளேடு முனைக்குத் தகுந்த மாதிரி சைட்டை நகத்திட்டு வேட்டைக்குக் கெளம்பிருவாங்களாம். மேழியை அழுத்தறவன் எல்லா ஊர்லயும் இருக்கான்.

நம்மூர்ல வேட்டைங்கற பேச்சே கெடையாது. 1972-ம் வருசச் சட்டம். கடலைக்காட்டுல மயில் பண்ற அழிச்சாட்டியத்தைப் பாத்துட்டு, "உம்புள்ளைகிட்டச் சொல்லி ரெண்டு அம்பு விடச் சொல்லுப்பா"ன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேப்பார். வெளையாட்டுக்குத்தான். ஆனா பாப்பாவுக்கு முணுக்குன்னு கோவம் வந்துரும்.

சரி, சோதனைக்கு வாறேன். எங்க பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. வைகாசியில ஆரம்பிச்சா ஆவணி வரைக்கும் விடாது. காத்தாடி மில்லுக்காரங்களுக்குக் கொண்டாட்டம், மொட்டை அம்புக்குத் திண்டாட்டம். விடிகாலையில அஞ்சே முக்காலுக்கும் ஆறரைக்கும் நடுவுல கொஞ்சம் அடங்கும். அந்த நேரத்துலதான் எல்லா வேலையும் பாத்தோம்.

மொதல்ல அம்பு. ஒவ்வொண்ணையும் மெதுவா வளைச்சு, காதுகிட்ட வெச்சுச் சத்தம் வருதான்னு பாத்தோம். கார்பன் அம்புல கீறல் இருந்தா விடறப்போ ஒடஞ்சு கையிலயே ஏறிடும், இதுல மட்டும் அவசரம் ஆகாது. அப்புறம் ஊருக்குள்ள நகை செய்யற ஆசாரிகிட்டப் போய்த் தராசு கேட்டோம். பவுன் நிறுக்கற தராசுல அம்பு நிறுக்க வந்தது நாங்கதான்னு சிரிச்சார். ரெண்டு அம்பு மத்ததைவிடக் கனமா இருந்துச்சு, ஒதுக்கிட்டோம். மூணு அம்புல இறகை வழிச்சு எடுத்துட்டு, அதே எடைக்கு வால்ல கரண்ட் டேப் சுத்துனோம். இல்லைன்னா வால் லேசாகி அம்போட கணக்கே மாறிடும்.

அடுத்தது பேப்பர். நாலு சட்டத்தைச் சேத்து ஆணியடிச்சு அதுல பழைய செய்திப் பேப்பரை இழுத்து ஒட்டி, ரெண்டு மீட்டர்ல நின்னு அது வழியா இறகு வெச்ச அம்பை விட்டா. அம்பு நேராப் போனா முனை போட்ட ஓட்டையும் இறகு கிழிச்ச மூணு கீறலும் ஒண்ணு மேல ஒண்ணு விழணும். எங்களுக்கு ஓட்டை கீழயும் கீறல் மேலயுமா, ஒரு கட்டை விரல் நீளத்துக்குக் கிழிஞ்சுது. வால் தூக்கிக்கிட்டுக் கெளம்புது. பத்து அம்பு விட்டா, பத்தும் அதே கிழிசல்.

அப்புறம் 15 மீட்டர்ல மொட்டை அம்பு. இறகு வெச்சது மூணும் ஒரே கொத்தா நடுவுல நின்னுச்சு. மொட்டை மூணும் அதுக்கு ஒரு சாண் கீழ, அதுவும் ஒரே கொத்தா. பாப்பா திரும்பி என்னைப் பாத்தா. கை நடுங்கியிருந்தா மூணும் மூணு தெசையில போயிருக்கணுமில்ல.

அதுலயும் எனக்கு முழுசா சமாதானம் ஆகலை. அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தக் காலேஜ் பொண்ணையே வரச் சொன்னோம். ரெண்டு பேரும் ஒரே ஒசரம், இழுக்கற நீளமும் கிட்டத்தட்ட ஒண்ணு. அவ அதே வில்லை வாங்கி விட்டா. அதே ஒரு சாண் கீழ. "இது வில்லுதாங் அங்கிள்"னா. எங்க வீட்டம்மா அன்னிக்கு அந்தப் புள்ளைக்குக் கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சா.

கோளாறு ரெண்டு எடத்துல இருந்துச்சு. பாப்பா மெதுவா இழுக்க, நான் பக்கத்துல குத்த வெச்சு ரெண்டு சக்கரத்தையும் பாத்தேன். ரெண்டும் ஒரே நேரத்துல போய் முட்டி நிக்கணும். கீழ் சக்கரம் முட்டினப்புறந்தான் மேல் சக்கரம் வந்து சேந்துச்சு. ஏர்ல ஒரு மாடு முந்தி, ஒரு மாடு பிந்தி இழுத்தா சால் எப்படிப் போகும்? பழைய வில்லு, பழைய கயிறு. கேபிள் நீண்டு போயிருக்குது. புதுசு மாத்தணும்னா வில்லை அமுக்கிப் புடிக்கற பிரஸ் வேணும். அது இல்லாம கழட்டுனா வில்லுக் கையே தெறிச்சு அடிச்சிரும். கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட இருக்குன்னு பஸ்ஸேறிப் போய் மாத்திக்கிட்டு வந்தோம். கயிறு, கேபிள், கூலி எல்லாஞ் சேத்து எட்டாயிரத்துச் சொச்சம். அந்த மாசப் பால் காசு.

புதுக் கயிறு கொஞ்சம் நீளத்தான் செய்யும், வடக்கயிறு மாதிரியே. இருநூறு அம்பு சும்மா விட்டுப் பழக்கிட்டு, சக்கரம் ரெண்டும் சேந்து முட்டுதான்னு மறுபடியும் பாத்தோம். முட்டுச்சு. மொட்டை அம்பு ஒரு சாணுல இருந்து நாலு விரலுக்கு வந்துச்சு.

மிச்ச நாலு விரல் ரெஸ்ட்டுல இருந்துச்சு. ரெஸ்ட்டுங்கறது அம்பைத் தாங்கற சின்னத் தகடு. மொட்டை அம்பு கீழ போனா ரெஸ்ட்டை மேல தூக்கணும். கேக்கறப்போ சுலபம், ஆனா அரை மில்லிமீட்டருக்கு மேல ஒரு தடவைக்கு நகத்தக் கூடாது. நகத்தி, மூணு இறகம்பு, மூணு மொட்டை அம்பு. மறுபடி நகத்தி, மறுபடி ஆறு. அதுக்குள்ள காத்து ஏறிடும், மறுநாளைக்குத்தான். நடுவுல ஒரு நா இறகு எங்கியோ உரசுதோன்னு சந்தேகம் வந்து, அவங்கம்மாவோட முகப் பவுடரை அம்பு வால்ல பூசி விட்டுப் பாத்தோம். பவுடர் அழியலை, உரசல் இல்ல. பவுடர் டப்பா காலியானதுக்குத் தனியா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஒம்பதாவது நாள் காலையில ஒரு மொட்டை அம்பு போய் இறகு வெச்ச அம்பை ஒட்டி "டக்"குன்னு நின்னுச்சு. அடுத்ததும் அங்கதான். மூணாவது, பக்கத்து அம்போட இறகையே பிச்சுக்கிட்டுப் போச்சு. ஒரு அம்புக்கு இறகு போச்சேன்னு எங்க ரெண்டு பேருக்கும் துளி வருத்தமில்ல.

அதுக்கப்புறம் மூணு வாரத்துல 655 வந்துட்டா. அவ கை அதேதான். வில்லு கோணலா இருந்தப்போ அவ பண்ற சின்னத் தப்பெல்லாம் பெருசாத் தெரிஞ்சுது. இப்ப சின்னத் தப்பு சின்னதாவே இருக்குது. மாநிலப் போட்டியில ஆறாவதா வந்தா. மொத நாலு பேரைத்தான் தேசியப் போட்டிக்கு எடுத்தாங்க. பஸ்ஸுல வரும்போது அழுதா, ஆனா வில்லை விக்கச் சொல்லலை. சாதாரா மாவட்டத்துப் பொண்ணு அதிதி ஸ்வாமி 2023-ல பெர்லின்ல உலக சாம்பியன் ஆனப்போ வயசு 17-தானாம். அந்த வருசம் ஆசிய விளையாட்டுல காம்பவுண்ட் வில்லுல இருந்த அஞ்சு தங்கமும் நம்ம நாட்டுக்குத்தான் வந்துச்சு. 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்குல காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியைச் சேத்துட்டாங்க. இதையெல்லாம் எனக்குச் சொல்றது அவதான், நான் கேட்டுக்கறேன்.

இப்ப பயிற்சிக்கு வர்ற ரெண்டு சின்னப் பசங்களுக்கு அவளே பேப்பர் சட்டம் செஞ்சு குடுத்திருக்கா. அதுல ஒரு பையனுக்கும் இதே "கை நடுங்குது" பேச்சுத்தான். அவன் வில்லுக் கயிறு என்னிக்கு மாத்துனதுன்னு கேட்டா, அவங்கப்பாவுக்கும் தெரியலை, வித்தவருக்கும் தெரியலை. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அஞ்சரைக்கு மூணு மொட்டை அம்போட எங்க காட்டுக்கு வரச் சொல்லியிருக்கா.