ரயில் போன வழியில் சைக்கிள்!

"அம்மா, நீ இன்னும் சைக்கிள் ஓட்டுவியா?"

மகள் இப்படிக் கேட்டபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டி கையில் அப்படியே நின்றுவிட்டது.

ஜெர்மனியில் ட்ரியர் என்ற ஊரில் இருக்கிறாள் என் மகள். 2024 ஜூன் மாதம், பேத்திக்கு ஒரு வயது முடிந்திருந்த சமயம், அங்கே போயிருந்தேன். குழந்தையும் கையுமாக, குளிர்காலம் பூராவும் நாலு சுவருக்குள் இருந்ததில் பெண்ணின் முகமே வாடியிருந்தது. பேச்சும் குறைந்திருந்தது. "தினமும் கொஞ்ச நேரமாவது வெளிச்சத்தில் நடமாடுங்கள்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாராம். மாப்பிள்ளைக்கோ லீவு இல்லை.

அவள் கேட்ட கேள்வியில் லேசாக ஒரு குத்தலும் இருந்தது. அது எங்கள் வீட்டுப் பழைய கதை.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த அந்த நாட்களில், எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட கையோடு பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றதாகச் சொல்வார்கள். அதில் இருபது வயசுப் பெண்ணாக நானும் ஒருத்தி. பின்னால் பிடித்துக்கொண்டு வந்த தோழி எப்போது கையை விட்டாள் என்றே தெரியாமல் ஓட்டிக்கொண்டு போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்படிப்பட்ட நான், கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபின் சைக்கிளைத் தொடவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கும்போது மகள் சைக்கிள் கேட்டாள். எங்கள் தெருமுனையில் ஒரு பள்ளிக்கூடப் பையன் லாரியில் அடிபட்ட சமயம் அது. "வேணாம், வேன்ல போ" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அழுதாள். ஜெர்மனிக்குப் போய், இருபத்தைந்து வயசில்தான் அவள் சைக்கிள் கற்றுக்கொண்டாள்.

"ஓட்டலாம்தான். ஆனா கார், லாரி வந்தா எனக்குக் கை கால் ஓடாது" என்றேன்.

"கார் வராத வழியா கூட்டிட்டுப் போறேன், வா!"

அவள் சொன்ன வழி, டௌன் என்ற மலையூரிலிருந்து மோசல் நதிக்கரையில் இருக்கும் பெர்ன்காஸ்டல்-கூஸ் வரை இறங்குகிறது. நீளம் 58 கிலோமீட்டர். பெரும்பகுதி, ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். ரயில் நின்ற பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, வழவழவென்று தார் போட்டுச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள்.

மலை என்றால் மூச்சு வாங்குமே என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாதல்லவா? அதனால் அன்றைக்கே பள்ளத்துக்குப் பாலம் கட்டி, மேட்டைக் குடைந்து, தடத்தைச் சீராக்கி வைத்திருக்கிறார்கள். 100 மீட்டர் போனால் 3 மீட்டர் ஏறினாலே அதிகம். எஞ்சினுக்காகச் செய்த சௌகரியம், இன்று நம் முழங்காலுக்கு!

விட்லிஷ் என்ற ஊர் வரை ரயிலில் போனோம். அங்கிருந்து மலைமேல் டௌனுக்கு பஸ். ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரை, இந்தச் சைக்கிள்காரர்களுக்காகவே சைக்கிள் ஏற்றும் வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு பஸ் விடுகிறார்கள். நமக்கு மட்டுமல்ல, சைக்கிளுக்கும் முன்கூட்டியே இடம் பதிவு செய்துகொள்ளலாம்! எனக்கு வாடகைக்கு எடுத்தது குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள். மகளின் சைக்கிளுக்குப் பின்னால், கூரையும் வலை ஜன்னலும் உள்ள குட்டி ரதம் ஒன்று. அதற்குள் பெல்ட் மாட்டிக்கொண்டு என் பேத்தி.

டௌனில் முதல் பத்து நிமிஷம் எனக்கு ஹேண்டில்பார் ஆடிக்கொண்டே இருந்தது. உயரமான பழைய ரயில் பாலம் வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தேன். அடுத்து ஒரு சுரங்கப்பாதை, 560 மீட்டர் நீளம். உள்ளே விளக்கு உண்டு. வெளியே ஜூன் மாத வெயில், உள்ளே ஜில்லென்று குளிர். பேத்தி "ஆ…" என்று குரல் கொடுத்தாள். சுவர் திருப்பிச் சொன்னது. மறுபடி "ஆ!" மகளும் சேர்ந்துகொண்டாள். இருட்டுக்குள் அவள் சிரிப்பைக் கேட்டேன். நான் வந்து மூன்று வாரத்தில் அதுதான் முதல் தடவை.

சுரங்கத்தைத் தாண்டிச் சற்று தூரத்தில் ஷால்கன்மேரன் என்ற சிற்றூர். ஊரின் பெயரே கொண்ட வட்ட ஏரி, வெள்ளித் தட்டு மாதிரி. இந்தப் பகுதியை எரிமலை ஐஃபெல் என்கிறார்கள். எரிமலை என்றதும் நெருப்பு கக்கும் கூம்பைத்தானே நினைப்போம்? இங்கே அதற்கு நேர்மாறாகப் பள்ளங்கள். 'மார்' என்று பெயர்.

எப்படி வந்ததாம்? வடை சட்டியில் எண்ணெய் காயும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும்? படீரென்று தெறிக்குமே, அதேதான். பூமிக்கு அடியிலிருந்து ஏறி வந்த நெருப்புக் குழம்பு, நிலத்தடி நீரைத் தொட்டிருக்கிறது. தண்ணீர் ஒரே கணத்தில் நீராவியாகி, மேலே இருந்த பாறையைத் தூக்கி எறிந்திருக்கிறது. பிறகு அந்தக் குழியில் நீர் தேங்கி ஏரியானது. உல்மன் என்ற ஊரில் இருப்பதுதான் இவற்றில் இளையது. அதற்கே சுமார் 11,000 வயசு! எரிமலை அடங்கிவிட்டாலும் பூமிக்குள்ளிருந்து கரியமில வாயு இன்னும் கசிகிறது. அதனால் இந்தப் பக்கத்து ஊற்று நீர் பலவும் இயற்கையாகவே சோடா. 2015 முதல் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காக்களில் ஒன்று இந்த வட்டாரம்.

சைக்கிளைப் பூட்டிவிட்டு மேட்டில் ஏறினால் பக்கத்திலேயே இன்னொரு ஏரி, வைன்ஃபெல்டர் மார். ஆழம் 51 மீட்டர். குளிக்க அனுமதி இல்லை. கரையில் வெள்ளையாக ஒரு சின்னக் கோயில், சுற்றிலும் கல்லறைகள். ஒரு காலத்தில் அங்கே ஒரு கிராமமே இருந்ததாம். 16-ம் நூற்றாண்டில் பிளேக் வந்து ஊர் காலியாகிவிட்டது. கோயில் மட்டும் மிஞ்சியது.

புல்லில் துண்டை விரித்து எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். பேத்தி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் ஏரியைப் பார்த்தபடியே கேட்டாள்:

"ஏம்மா அன்னிக்கு சைக்கிள் வேணாம்னே? என் மேல நம்பிக்கை இல்லேன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன்."

"உன் மேல இல்லடி. லாரி மேலதான் நம்பிக்கை இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப எனக்கும் புரியுது. இவளைப் பின்னால வச்சுட்டு மெயின் ரோட்டுல போகச் சொன்னா நானும் மாட்டேன்தான்" என்றாள். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டியும் இருக்கவில்லை.

அன்றிரவு கில்லன்ஃபெல்ட் என்ற ஊரில் தங்கல். மறுநாள் பெரும்பாலும் இறக்கம்தான். பெடலை மிதிக்காமலே மைல் கணக்கில் வண்டி ஓடியது. காட்டு மரங்களின் நிழல், பசுமாட்டு மணிச்சத்தம், மறுபடி பாலங்கள், சுரங்கங்கள். எழுபது வயசுப் பாட்டி ஒருவர் கூடையில் நாய்க்குட்டியோடு எங்களை முந்திக்கொண்டு போனார். எதிரில் அம்மா முன்னே, மூன்று பிள்ளைகள் வாத்துக்குஞ்சு மாதிரி பின்னே. யாரும் யாரையும் "ஓரமாப் போ" என்று அதட்டவில்லை.

இன்று இவ்வளவு அழகாயிருக்கும் இந்த மலை, ஒரு காலத்தில் வறுமைக்குப் பேர்போனது. ட்ரியரில் பிறந்த எழுத்தாளர் கிளாரா ஃபீபிஷ் 1900-ல் 'பெண்களின் கிராமம்' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு நாவல் எழுதினார். ஐஃபெல் மலைக் கிராமம் ஒன்றில் ஆண்களெல்லாம் தூரத்து ஆலைகளுக்கு வேலைக்குப் போய்விட, பெண்கள் மட்டும் மாடு கன்று, வயல், பிள்ளைகள் என்று ஊரைக் காத்த கதை. நமக்குத் தெரியாத கதையா அது!

விட்லிஷில் மட்டும் கொஞ்சம் ஊர்ச்சாலை. அதைத் தாண்டியதும் திராட்சைத் தோட்டங்கள். மாலையில் மோசல் நதியைப் பார்த்தபோது, 300 மீட்டருக்கும் மேல் இறங்கி வந்திருந்தோம். பெர்ன்காஸ்டலில் 1416-ல் கட்டிய மரச்சட்ட வீடு ஒன்று கீழே ஒல்லியாகவும் மேலே அகலமாகவும் நிற்கிறது. அக்கரையில் கார்டினல் நிகோலாஸ் 15-ம் நூற்றாண்டில் நிறுவிய விடுதி, இன்றும் முதியோர் இல்லமாக நடக்கிறது. தொடக்கத்தில் ஐம்பது வயது கடந்த ஏழை ஆண்கள் 33 பேருக்காகக் கட்டினாராம். அந்தக் கணக்கில் 52 வயசாகும் நானும் முதியவள்தான்! 58 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிய முதியவள்!

சைக்கிளில் குழந்தையை அழைத்துப் போக நினைக்கும் தாய்மார்களுக்கு, நான் கற்றுக்கொண்டதிலிருந்து சில குறிப்புகள்:

* குழந்தை பிடிமானம் இல்லாமல் தானாக நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே அழைத்துப் போங்கள். தலைக்கவசம், பெல்ட் இரண்டும் அவசியம். ஜெர்மனியில் 7 வயது நிறையாத குழந்தைகள் இரண்டு பேரைத்தான் இப்படி இழுவண்டியில் ஏற்றலாம். ஓட்டுபவருக்கும் 16 வயது ஆகியிருக்க வேண்டும்.

* சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும்.

* ஏற்றத்தில் கஷ்டப்பட்டு அழுத்தாமல் கியரைக் குறைத்து லேசாக மிதியுங்கள்.

* துப்பட்டாவை இடுப்பில் இறுக முடியுங்கள். சங்கிலியில் சிக்கினால் ஆபத்து.

* பிரசவத்துக்குப் பின் முதல்முறை ஓட்டுவதானால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள்.

முப்பது வருஷமாக எனக்குத் தைரியம் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். அது போகவில்லை. ஓட்டத்தான் வழி இல்லாமல் இருந்தது. நம் ஊர்களிலும் ரயில் நின்றுபோன தடங்கள் இல்லாமலா இருக்கும்?

கிளம்பும் நாளன்று மகள் என்னை ரயிலடி வரை வழியனுப்ப வந்தாள், பேத்தியைப் பின்னால் வைத்துச் சைக்கிளில்தான். "ஜாக்கிரதைடி!" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். சைக்கிளுக்கென்று தனியே பிரித்த பாதை. "போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னேன்.