கையில் மூன்று இடம்

கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களின் துயரம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மூன்று நல்ல இடங்கள் கிடைத்தவர்களின் தவிப்பை வெளியே சொல்ல முடியாது. சொன்னால் ஊர் சிரிக்கும்.

2024 ஜூலையில், நாக்பூரில் ஒரு ரயில்வே குமாஸ்தாவின் வீட்டில் அந்தத் தவிப்பு பத்து நாட்கள் நீடித்தது. மகளுக்கு உள்ளூரிலேயே விஸ்வேஸ்வரய்யா தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங். புனேயின் ‘ஐசர்’ நிறுவனத்தில் அறிவியல். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பி.ஸ்டாட். மூன்றுமே பலரும் ஏங்கும் இடங்கள். ஆனால் மூன்றும் மூன்று விதமான வாழ்க்கை.

அம்மாவுக்கு நாக்பூர்தான். சைக்கிளில் போய்வரும் தூரம். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்கு இரவில் மருந்து கொடுப்பது அந்தப் பெண்தான். அப்பாவின் கணக்கு வேறு. அவர் ஓய்வுபெற நான்கு ஆண்டுகள், மகன் ஒன்பதாம் வகுப்பு. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் சலுகை இல்லாதவர்களுக்குக் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய். 1931-ல் மகலனோபிஸ் தொடங்கிய கொல்கத்தா நிறுவனத்திலோ பி.ஸ்டாட் மாணவர்களிடம் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் படிக்க வைப்பது மரபு. செலவு குறைவு கொல்கத்தாவில். வேலை நிச்சயம் கம்ப்யூட்டரில். அப்பா எந்தப் பக்கமும் சாய முடியாமல் நின்றார். உறவினர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. “புள்ளியியல் படித்து என்ன செய்வது, மக்கள்தொகைக் கணக்கெடுக்கவா?” என்று கேட்டார்கள்.

அந்தப் பெண் தரவரிசைப் பட்டியல்களைப் பார்க்கவில்லை. மூன்று பாடத்திட்டங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு படித்தாள். கல்லூரியின் பெயரை ஊருக்குச் சொல்வது ஒரு நாள். பாடத்தோடு உட்கார்ந்திருப்பது தினமும். கம்ப்யூட்டர் படிப்பில் நிகழ்தகவு எப்போதாவது தலைகாட்டியது. கொல்கத்தாவில் அது முதல் ஆண்டிலிருந்தே இருந்தது. பதினோராம் வகுப்பிலிருந்து யாரும் சொல்லாமலே அவள் பிரித்துப் படித்த பாடம் அது ஒன்றுதான். ஐசரில் முதலில் எல்லா அறிவியலையும் படித்துவிட்டுப் பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முடிவெடுக்காதவர்களுக்கு அது பெரிய வரம். அவள் மனதில் ஏற்கனவே முடிவாகியிருந்தது. வீட்டாரிடம் சொல்வதுதான் பாக்கி.

எதையும் விடாமல் மூன்றையும் கடைசி நாள் வரை பிடித்துவைத்திருப்போம் என்றார் மாமா. இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. ஐ.ஐ.டி.கள், தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கு 2015 முதல் ‘ஜோசா’ என்ற பொதுக் கலந்தாய்வு நடக்கிறது. ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஓர் இடம்தான். கிடைத்ததை உறுதி செய்யலாம். அல்லது விருப்பப் பட்டியலில் அதற்கு மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் திரும்பி வராது. வேண்டாம் என்பவர்கள் கடைசிச் சுற்றுக்கு முன்பே விலகினால், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பிவிடும்; இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போகும். தாமதித்தால் பணம் மட்டுமல்ல, இன்னொருவரின் வாய்ப்பும் வீணாகலாம். ஜோசாவுக்கு வெளியே ஒருவர் எத்தனை இடங்களைப் பிடித்துவைத்திருக்கிறார் என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது அவரவர் மனசாட்சிக்குத்தான் தெரியும்.

பத்தாம் நாள் இரவு அவள் கொல்கத்தா என்றாள். அம்மா பதில் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அப்பா வேலையைப் பற்றி ஒரே ஒரு முறை கேட்டார்; அவளால் உத்தரவாதம் எதுவும் தர முடியவில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை. மறுநாள் காலை நாக்பூர் இடத்திலிருந்து விலகுவதாகப் பதிவு செய்தாள். புனேக்கும் எழுதிவிட்டாள்.

நல்லதையும் கெட்டதையும் வைத்துத் தேர்ந்தெடுப்பது எளிது. நல்லவை மட்டுமே எதிரில் இருந்தால், எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு நல்லதை இழந்தே ஆக வேண்டும். அந்த வீட்டில் இழப்பு இன்னதென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாட்டிக்கு எந்த நேரத்தில் எந்த மாத்திரை என்று அன்று மாலை அவள் தம்பிக்கு எழுதிக் கொடுத்தாள்.