எட்டயபுரத்தில் இரவல் மெட்டு

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் எட்டயபுரம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம், நானும் என் தாய்மாமனும். மாமாவின் மடியில் ஒரு கறுப்புப் பெட்டி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ரொம்ப நேரமாக அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "தம்பி, நம்ம மாட்டுக்கு ரெண்டு நாளா தீவனம் எடுக்கலை..." என்று ஆரம்பித்தார். மாமாவை வெட்டினரி டாக்டர் என்று முடிவு கட்டிவிட்டார்!

"ஐயா, இது ஊசி மருந்துப் பெட்டி இல்லை. கிளாரினெட்டு. ஊதுறது" என்றார் மாமா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமை வரைக்கும் நம்முளுது" என்றார்.

திங்கட்கிழமை மதுரையிலிருந்து ஒருவர் வந்து அதை விலை பேசி எடுத்துப் போவதாக ஏற்பாடு.

மாமா முப்பத்தோரு வருஷம் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். சிவப்புக் கோட்டு, மஞ்சள் சரிகை, தலையில் தொப்பி, காலில் ஹவாய் செருப்பு. இப்போதெல்லாம் கல்யாண வீட்டுக்காரர்கள் செண்டை மேளம் வேண்டும் என்கிறார்கள், இல்லாவிட்டால் டி.ஜே. முந்தின நாள் கோவில்பட்டியில் நடந்த எங்கள் சொந்தக்காரர் கல்யாணத்திலும் அதே கதைதான். மாப்பிள்ளை அழைப்பு தெருமுனை தாண்டுவதற்குள் ஒரு பையன் ஓடி வந்து, "போதும்ணே, ஸ்பீக்கர் ரெடி ஆயிருச்சு" என்றான். பாதிச் சரணத்தில் மாமா கிளாரினெட்டை இறக்கினார். மறுநாள் காலையில்தான் இந்த விற்பனைச் செய்தி எனக்குத் தெரியவந்தது.

அதைக் கேட்டு எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் இருக்கிறது.

நான் பி.காம். முதல் வருஷம் படித்தபோது, ஒரு கல்யாண வீட்டுத் திண்ணையில் பத்துப் பேர் முன்னால் மாமாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஏன் மாமா, எல்லாம் அடுத்தவன் போட்ட மெட்டு. சொந்தமா ஒரு பாட்டாவது உண்டா? மியூசிக் டைரக்டருக்கு ராயல்டி கொடுக்கிறீங்களா?"

புதிதாக 'ராயல்டி அக்கவுண்ட்' படித்த கொழுப்பு! எல்லாரும் சிரித்தார்கள். மாமா கிளாரினெட்டின் வாயைத் துணியால் துடைத்து மூடிவிட்டு, "சாப்ட்டியா மாப்ளே?" என்றார். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு நான் வீட்டில் இருக்கும்போது அவர் அந்தப் பெட்டியைத் திறந்ததே இல்லை. எத்தனையோ பேருக்கு வரவு செலவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், என்னுடைய இந்த ஒரு கணக்கு மட்டும் டேலி ஆகாமலே கிடந்தது.

அதனால்தான், "மாமா, எட்டயபுரம் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வரலாமா?" என்று கூப்பிட்டேன். "பாரதியார் வீடுதானே, பார்த்தாச்சே" என்றார். "இன்னொருத்தர் இருக்கார், வாங்க" என்றேன்.

* * *

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் சுமார் 15 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கரிசல் காடு. கையில் கோவில்பட்டி கடலை மிட்டாய். (2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் சார், மரியாதையாகக் கடிக்க வேண்டும்!) ஜன்னல் ஓரத்து சீட். மாமாவைப் பேசவைக்க வேறென்ன வேண்டும்?

"ஒரு சினிமாப் பாட்டை எப்படி மாமா பேண்டுக்கு மாத்துவீங்க?"

"படத்துல அம்பது வயலின் இழுக்கும். நம்மகிட்ட மொத்தமே பன்னெண்டு பேரு. பாடுறவர் குரல் கிளாரினெட்டுக்கு. நடுவுல வர்ற வயலின் பிட்டு டிரம்பெட்டுக்கு. கீழ ஓடுற பேஸ் கிட்டாரை யூஃபோனியத்துக்காரன் பார்த்துக்கிடணும். தபேலா கிடையாது, சைடு டிரம்முல உருட்டிக்கிடணும். எல்லாத்துக்கும் மேல, நடந்துகிட்டே வாசிக்கணும் பாத்துக்கோ. மாப்பிள்ளை கார் ஓட்டத்துக்குத்தான் தாளம்! கார் நின்னுட்டா பல்லவியையே சுத்திச் சுத்தி வரணும். பின்னாடி வர்ற பொம்பளைங்க ஆரத்தி எடுத்து முடிக்கிறவரைக்கும் சரணத்துக்குப் போகப்படாது."

"சாவு வீட்டுக்கு?"

"அதே பாட்டுதான் சில சமயம். காலத்தைக் குறைச்சு, இழுத்து, கடைசிச் சுரத்துல கொஞ்சம் நின்னு பாரு... கல்யாணத்துல ஆடினவனே அழுவான்."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இத்தனை வேலையையும் 'அடுத்தவன் மெட்டு' என்று நாலே எழுத்தில் பற்று எழுதியிருக்கிறேனே!

* * *

எட்டயபுரம் சின்ன ஊர். ஆனால் அந்தச் சின்ன ஊரில் உமறுப்புலவருக்கு ஒரு நினைவிடம், பாரதிக்கு ஒரு மணிமண்டபம், அவர் பிறந்த வீடு, முத்துசாமி தீட்சிதர் சமாதி என்று வரிசையாக இருக்கின்றன. பெரிய நகரங்களே பொறாமைப்படலாம்.

முதலில் தீட்சிதரிடம் போனோம். திருவாரூரில் பிறந்தவர், சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர். 1835-ல் தீபாவளி நாளில் இந்த ஊரில்தான் காலமானார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். அந்த உறவில்தான் அண்ணனும் இங்கே வந்து சேர்ந்தார். சமாதி இருக்கும் இடத்தில் வெயிலும் அமைதியும் தவிர நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"மாமா, இவரும் பேண்டு செட்டுக் கேட்டவர்தான்" என்றேன்.

மாமா, 'நீ மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?' என்கிற மாதிரி பார்த்தார். நான் கதையைச் சொன்னேன்.

தீட்சிதரின் குடும்பம் சென்னைக்குப் பக்கத்து மணலியில் முதலியார் ஒருவரின் ஆதரவில் கொஞ்ச காலம் இருந்தது. (இப்போது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறதே, அதே மணலிதான்!) முதலியாருக்குக் கம்பெனிக்காரர்களோடு பழக்கம். அவரோடு சகோதரர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார்கள் என்பது சங்கீத உலகம் சொல்லிவரும் வரலாறு. தம்பி பாலுசாமிக்கு அங்கே வாசித்த வயலின் பிடித்துப்போனது. அதைக் கற்றுக்கொண்டு கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இன்றைக்குப் பாட்டுக் கச்சேரி மேடையில் வயலின் உட்கார்ந்திருக்கிறதே, அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அவர் என்பார்கள்.

அண்ணனுக்கோ மெட்டுகள் பிடித்துப்போயின. அயர்லாந்து மெட்டு, ஸ்காட்லாந்து டான்ஸ் மெட்டு என்று முப்பதுக்கும் மேற்பட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டு சுரம் என்று பேர். சங்கராபரணத்தின் சுரங்கள் வெள்ளைக்காரன் ஸ்கேலோடு ஒத்துப்போகிறதே, அதனால் சுலபமாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன. 1893-ல் சின்னசாமி முதலியார் என்பவர் இவற்றை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிட்டும் விட்டார். இன்றைக்கும் பாட்டு கற்கிற குழந்தைகள் இவற்றைப் பாடுகிறார்கள்.

செல்போனில் தேடி எடுத்து ஒன்றைப் போட்டேன். 'சந்ததம் பாஹிமாம்'. மாமா நான்கு சுரம் கேட்டதும் நிமிர்ந்தார்.

"ஏய்... இது இங்கிலீஷ்காரன் தேசிய கீதம்லா!"

"அதேதான். அவன், 'கடவுளே, எங்க ராஜாவைக் காப்பாத்து'ன்னு பாடினான். இவர் அதே மெட்டுல, 'சங்கீத சியாமளே, எப்பவும் என்னைக் காப்பாத்து'ன்னு அம்பாள்கிட்ட கேட்டுட்டார்."

மாமா சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கை பறந்தது. "ராஜாவை நைசாக் கழட்டிவிட்டுட்டு ஆத்தாவை உக்கார வச்சிட்டாரே! மெட்டு மட்டும் அப்படியே இருக்கு!"

"இன்னொரு வேடிக்கை கேளுங்க. அந்த மெட்டைப் போட்டது யாருன்னு இங்கிலாந்துக்கே நிச்சயமாத் தெரியாது. 1740-கள்ல அச்சுல வந்திருக்கு, அவ்வளவுதான். பீத்தோவன் அதை எடுத்து பியானோவுக்கு விதவிதமா மாத்திப் போட்டார். அமெரிக்காக்காரன் 1831-ல அதே மெட்டுல தன் நாட்டைப் பாடினான். லிக்டன்ஸ்டைன்னு ஒரு குட்டி நாடு, இன்னிக்கும் அதுக்குத் தேசிய கீதம் இந்த மெட்டுதான்."

"அப்ப யாருக்கு ராயல்டி அனுப்புறது?" என்றார் மாமா.

சுருக்கென்று தைத்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஞாபகம் வைத்திருக்கிறார், மனுஷர்!

* * *

பதில் சொல்லாமல் பாரதி மணிமண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். 1947-ல் ராஜாஜி திறந்து வைத்தது. 'கல்கி' முன்னின்று ஊர் ஊராக நன்கொடை திரட்டிக் கட்டியது.

பாரதி செய்தது இன்னும் பெரிய வேலை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் அந்தக் காலத்தில் காலட்சேபம் கேட்ட எல்லாருக்கும் மனப்பாடம். சிதம்பரம் போக ஆசைப்படும் பண்ணையாள் நந்தனை, 'உனக்கெல்லாம் சிதம்பர தரிசனமா?' என்று ஏசுகிற மெட்டுகள் அதில் இருக்கின்றன. சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி. 1908-ல் கைதானார். அப்போது திருநெல்வேலி கலெக்டர் விஞ்ச் துரை. விஞ்ச் துரை சிதம்பரம் பிள்ளையை மிரட்டுகிற மாதிரி பாரதி ஒரு பாட்டு எழுதினார். எந்த மெட்டில்? நந்தனை ஏசுகிற அதே மெட்டில்!

"யோசிச்சுப் பாருங்க மாமா. மெட்டு காதுல விழுந்த உடனே ஜனங்களுக்குப் பழைய கதை ஞாபகம் வந்திருக்கும். ஏசுறவன் ஆண்டை, ஏச்சு வாங்குறவன் நந்தன். இப்ப ஆண்டை இடத்துல கலெக்டர். கடைசியில ஜெயிச்சது யாரு? நந்தன்தானே! அப்ப இங்கேயும் ஜெயிக்கப்போறது யாருன்னு பாரதி சொல்லவே வேண்டாம், மெட்டே சொல்லிரும். புது மெட்டுப் போட்டிருந்தா இது நடக்குமா?"

மாமா பேசவில்லை.

"இன்னொண்ணு. இது நந்தனார் சரித்திர மெட்டுன்னு பாட்டுத் தலையிலேயே போட்டிருக்கும். கடனை மறைக்கலை. பேலன்ஸ் ஷீட்டுல முதல் வரியிலேயே காட்டிட்டார்."

அந்தத் தைரியத்தில் நானும் என் கடனை ஒத்துக்கொண்டேன். "மாமா, அன்னிக்கு நான் திண்ணையில கேட்டது தப்பு. சட்டப்படியே தப்பு! 1957 காப்பிரைட் சட்டம், 52-ஆவது பிரிவு. கல்யாணச் சடங்குல, மாப்பிள்ளை ஊர்வலத்துல பாட்டு வாசிச்சா அது காப்பிரைட்டை மீறினதா ஆகாது. கல்யாண ஊர்வலம்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. அப்புறமாத்தான் படிச்சேன். படிச்ச அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும்."

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பார்லிமெண்டுல எங்களை மாதிரி ஆளுங்களைப் பத்தியும் எழுதியிருக்கானா?" என்றார். அப்புறம், "சாப்ட்டியா மாப்ளே?" என்றார். அதே கேள்விதான். இந்தத் தடவை அது வேறு மெட்டில் இருந்தது.

* * *

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்ததும் மாமா, "அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். "ச ச ரி, நி ச ரி..." என்று விரல்கள் முழங்காலில் ஓடின. "கமகமே கிடையாது. நெட்டக்குத்தா நிக்கிற சுரம். பேண்டுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு."

பெட்டியைத் திறந்தார். துண்டு துண்டாக இருந்ததைப் பொருத்தி, ரீடை நாக்கில் நனைத்து, வாயில் வைத்தார்.

முதல் தடவை அது பிரிட்டிஷ் ராணுவம் அணிவகுத்த மாதிரி விறைப்பாக வந்தது. இரண்டாவது தடவை தீட்சிதர் மாதிரி நிதானமாக. மூன்றாவது தடவை... என்ன செய்தாரோ, கடைசிச் சுரத்தில் ஒரு சின்னக் குழைவு, காலில் ஒரு தட்டு. மாப்பிள்ளை கார் தெருமுனை திரும்பிவிட்டது! கண்டக்டர் ஒருவர் விசிலை மறந்து நின்றார். நான் வீட்டில் இருந்தும், இத்தனை வருஷமாக நான் கேட்காத கிளாரினெட்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கேட்டார்: "நல்லாருக்கே! எந்தப் படத்துலண்ணே இந்தப் பாட்டு?"

மாமா ரீடைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "படம் இல்லை தம்பி. உங்க ஊர்க்காரர் பாட்டு."

கோவில்பட்டி பஸ் வந்தது. மாமா பெட்டியை மூடினார். வழியில் செல்போனை எடுத்து மதுரைக்காரருக்குப் போட்டார். "திங்கக்கிழமை வர வேண்டாம்ணே... இல்லை இல்லை, விலையெல்லாம் சரிதான்... ஒரு பாட்டு பாதியில நிக்கிது" என்றார்.