ஐந்நூறு ரூபாய் யுத்தம்

வீடு வாங்க பேங்க்கில் கடன் தருகிறார்கள். 20 வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினால் தீர்ந்துவிடும். ஃப்ளாட் வாங்கியவனுக்கு இன்னொரு கடன் உண்டு. அது ஆயுசுக்கும் தீராது. பெயர், மெயின்டெனன்ஸ்.

நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு கம்மென்று பணம் எண்ணிக் கொடுக்கிற மனிதர், மெயின்டெனன்ஸில் நூறு ரூபாய் ஏறினால் மட்டும் குருக்ஷேத்திரத்துக்குக் கிளம்பிவிடுவார். காரணம் இருக்கிறது. நகையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மொட்டை மாடி டேங்க்கையும் மோட்டார் ரூமையும் யார் வீட்டுக்கு எடுத்துப் போவது?

மடிப்பாக்கத்தில் எங்கள் கட்டடத்தில் 24 வீடுகள். 'அடுத்த மாதம் முதல் மெயின்டெனன்ஸ் 2,500லிருந்து 3,500' என்று செகரட்டரி வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி போட்டார். அவ்வளவுதான். ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஃபோன் கதறியது. ஞாயிற்றுக்கிழமை காலை, கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவசரக் கூட்டம்.

"நான் கிரவுண்ட் ஃப்ளோர். லிஃப்ட்ல ஏறினதே கிடையாது. நான் எதுக்கு சார் லிஃப்ட்டுக்கு அழணும்?"

"அப்ப மழைக்காலத்துல உங்க வாசல் தண்ணியை இறைக்க நான் எதுக்கு அழணும்?" இது மூன்றாவது மாடி.

"சதுர அடிக் கணக்குல வாங்குங்க. அவங்க வீட்ல மூணு பாத்ரூம்!"

"மூணு பாத்ரூம்லயும் ஒரே நேரத்துல நானா சார் குளிக்கறேன்?"

நடுவில் ஒருத்தர் எழுந்து, "இதுக்கு மேல 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. வேற வருமாம்" என்று குண்டு போட்டார். ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் வருட வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்த வரி. எங்கள் சங்கம் வருடத்துக்கு முக்கி முக்கி ஏழு லட்சத்து இருபதாயிரம். ஜி.எஸ்.டி. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதைச் சொன்னதுதான் நான் செய்த ஒரே காரியம். "தம்பி பி.காமா? அப்ப கணக்கை நீங்களே பாருங்க" என்று நோட்டைக் கையில் திணித்துவிட்டார்கள். படித்த படிப்பை ஒருத்தர் மதித்தது அன்றைக்குத்தான்.

செகரட்டரி ரிட்டயர்டு என்ஜினீயர். கணக்கு நோட்டைப் பொடி எழுத்தில் பூஜை மாதிரி எழுதி வைத்திருந்தார். மாதச் செலவு இது. இரண்டு வாட்ச்மேன்களுக்கு 26,000. பெருக்கித் துடைக்க 7,000. பொது மின்சாரம் 9,000. லிஃப்ட் பராமரிப்பு 5,000. தண்ணி லாரி, பிளம்பர், பல்பு வகையறா சராசரியாக 9,000. ஆக 56,000.

மின்சாரம் ஏன் இத்தனை? முன்பெல்லாம் பொது இணைப்புக்கும் வீட்டு ரேட்தான். 2022 செப்டம்பரில் அதைத் தனியாகப் பிரித்து யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். 2023ல் சின்னக் கட்டடங்களுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். பத்து வீட்டுக்கு மேல் இருக்கக்கூடாது, மூன்று மாடிக்கு மேல் போகக்கூடாது, லிஃப்ட் இருக்கக்கூடாது. எங்களிடம் லிஃப்ட் இருக்கிறது. பாதி நாள் ஓடாது என்றாலும் சட்டப்படி இருக்கிறது!

24 வீடும் ஒழுங்காகக் கட்டினால் 60,000 வரவேண்டும். 56,000 போக நாலாயிரம் மிச்சம். ஆனால் வந்தது 50,000தான். நாலு வீடு ஆறு மாதமாகக் கட்டவே இல்லை. ஒருத்தர் வீட்டைப் பூட்டிவிட்டு அமெரிக்காவில் இருக்கிறார். இன்னொருத்தர், பாத்ரூம் ஒழுகலை ரிப்பேர் பண்ணினால்தான் கட்டுவேன் என்று விரதம். மூன்றாவது வீட்டில் ஓனரைக் கேட்டால் குடித்தனக்காரர், குடித்தனக்காரரைக் கேட்டால் ஓனர். நாலாவது நம்ம குண்டு ஆசாமி, ஜி.எஸ்.டி.க்காரர்!

மாதம் ஆறாயிரம் துண்டு. ஆறு மாதத்துக்கு 36,000. அப்புறம் எப்படி கரண்ட் பில் கட்டினார்கள், வாட்ச்மேனுக்குச் சம்பளம் போனது? கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். 'செகரட்டரி கைப்பணம்' என்று மாதாமாதம் 6,000. காலையிலிருந்து 'காசெல்லாம் எங்கே போகுது?' என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தது, தன் பென்ஷனிலிருந்து எடுத்துப் போட்ட மனிதரை.

சத்தமாகப் படித்தேன். கார் பார்க்கிங்கில் கொசு பறப்பது கேட்டது.

"ஏன் சார் சொல்லலை?" என்றேன்.

"சொன்னா, யார் கட்டலைன்னு பேர் சொல்லணும். தினம் படியில பார்க்கற முகம்" என்றார்.

அத்தோடு விட்டார்களா? "ராத்திரி வாட்ச்மேனை நிறுத்திட்டா 13,000 மிச்சம். கேமரா போதுமே" என்று ஒரு இளைஞர் யோசனை சொன்னார். முதல் மாடி மாமி அதுவரை வாயே திறக்கவில்லை. "மாமாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஓடிப்போய் ஆட்டோ பிடிச்சுண்டு வந்தது அவன்தான். கேமரா வேடிக்கைதான் பார்க்கும்" என்றார். அந்த யோசனை அங்கேயே செத்தது. மூன்று வருடமாக ஏறாத வாட்ச்மேன் சம்பளத்தில் ஆளுக்கு ஆயிரம் ஏற்றுவது என்று முடிவானது.

மீதி முடிவுகள் பத்து நிமிஷத்தில் வந்தன. பாக்கி வசூலானதும் முதலில் செகரட்டரியின் 36,000. மெயின்டெனன்ஸ் 3,000. ஏற்றிய ஐந்நூறு, லிஃப்ட் கயிறு, மொட்டை மாடி ஒழுகல் மாதிரி பெரிய செலவுக்குத் தனி பேங்க் கணக்கில். மாதம் 12,000 சேரும். ஒவ்வொரு மாதமும் 5ம் தேதி, வரவு செலவு நோட்டீஸ் போர்டில், பாக்கிக்காரர் வீட்டு நம்பரோடு.

நம் ஊரில் அடுக்குமாடிக்குத் தனிச் சட்டம் 1994லேயே வந்தது. அதை மாற்றி 2022ல் கொண்டுவந்த சட்டம் 2024 மார்ச்சிலிருந்து அமலில் இருக்கிறது. அதன்படி, மூன்றில் இரண்டு பங்கு ஓனர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். இடிக்கவே அவ்வளவு போதும். ஒரு நோட்டை எல்லாரும் பார்க்க மாட்டிவைக்க எந்தச் சட்டமும் தேவையில்லை, ஒரு ஆணி போதும். ஆயிரம் ரூபாய்க்கு அடிதடிக்கு வந்த அதே ஆட்கள், கணக்கைப் பார்த்ததும் ஐந்நூறுக்கு முணுமுணுக்கக்கூட இல்லை.

உங்கள் ஃப்ளாட்டிலும் ஏற்றுகிறார்களா பிரதர்? சண்டைக்குப் போகுமுன் கணக்கைக் கேளுங்கள். அப்புறமும் சண்டை பாக்கி இருந்தால் தாராளமாகப் போடலாம்.

கடைசியாக செகரட்டரி, "அடுத்த வருஷத்துக்குப் பொருளாளர் யார் வர்றீங்க?" என்று கேட்டார். அதுவரை கத்திய அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் ஃபோன் வந்துவிட்டது.