குத்துது ஸார், குத்துது!

சில பேருக்குப் பாம்பென்றால் பயம். சில பேருக்கு மாமனார். எனக்கு, சட்டைக் காலருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்த ஒரு இன்ச் லேபிள்!

சிரிக்காதீர்கள். ஆபீஸில் மானேஜர் முன்னால் நின்று 'எஸ் ஸார், எஸ் ஸார்' சொல்லிக்கொண்டிருப்பேன். கவனம் முழுக்கப் பிடரியில் இருக்கும். அந்தத் துண்டு கட்டெறும்பு மாதிரி ஊர்ந்து, நின்று, நிதானமாக ஒரு கடி கடிக்கும். மானேஜர் என்னதான் சொன்னார் என்று அப்புறம் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லேபிள் மட்டுமா? ஓவர்லாக் அடித்த உள்தையல் அக்குளில் ரம்பம் போடும். கஞ்சி போட்ட காலர் கழுத்தை அறுக்கும். முகூர்த்தத்துக்கு ஜரிகை வேட்டி... வேண்டாம், எழுதும்போதே அரிக்கிறது.

சின்ன வயசில் தீபாவளி என்றால் எங்கள் வீட்டில் இரண்டு வெடி. ஒன்று வாசலில். இன்னொன்று நான். 1988 தீபாவளிக்கு அப்பா பளபளவென்று ஒரு ஸஃபாரி எடுத்துக் கொடுத்தார். அஞ்சு நிமிஷம் போட்டிருப்பேன். கழற்றி எறிந்துவிட்டு, பழைய டிராயரோடு கொல்லைப்பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டேன். "ஊர்ல எந்தப் புள்ளைக்காவது இப்படிக் குத்துதாடா? திமிரு!" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா அடிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "போட்டுக்கோ. பழகிடும்" என்றார்.

அப்பாவுக்கு உடுப்பு விஷயத்தில் ஞானமே கிடையாது என்பது எங்கள் குடும்பத்தின் ஏகமனதான தீர்மானம். தாலுகா ஆபீஸுக்குக் கிளம்பும்போதுகூடப் பனியனைத் திருப்பித்தான் போட்டிருப்பார். "ஏங்க, பனியனைப் பாருங்க!" என்று அம்மா கத்துவாள். "அட... மறந்துட்டேன்" என்பார். அப்படியே மேலே சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஏறிவிடுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

எனக்குப் பழகவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் பழகவில்லை ஸார்!

விஷயம் இதுதான். உங்களுக்கெல்லாம் சட்டை மாட்டிய கொஞ்ச நேரத்தில், 'உடம்பில் சட்டை இருக்கிறது' என்கிற சேதியை மூளை ஓரமாக ஒதுக்கி வைத்துவிடும். என் மாதிரி ஆசாமிகளுக்கு அந்தச் சேதி சாயங்காலம் வரை வந்துகொண்டே இருக்கும். இது திமிர் இல்லை. அமெரிக்காவில் ஜீன் ஏயர்ஸ் என்ற அம்மையார் 1960-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆட்டிஸம் உள்ள பலருக்கு இது உண்டு. 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில், ஆட்டிஸத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே இதைச் சேர்த்துவிட்டார்கள். ஆட்டிஸம் இல்லாதவர்களுக்கும் இருக்கலாம்.

சரி, ஆபீஸுக்கு அம்மணமாகப் போக முடியாதே! அரிப்பு கற்றுக்கொடுத்த பாடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

கடையில் கண்ணால் துணி எடுக்காதீர்கள். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தேய்த்துப் பாருங்கள். சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும், அவரா போடப் போகிறார்? ரெடிமேட் என்றால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கம் ஊருக்கு. உள்பக்கம்தான் நமக்கு.

'நூறு பர்சென்ட் காட்டன் ஸார்' என்று சத்தியம் செய்கிறார்களா? வீட்டுக்கு வந்து ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, கெட்டியான உருண்டையாக நிற்கும். பருத்தி தன் எடையில் ஏழெட்டு சதவிகிதம் ஈரத்தைச் சும்மா காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவிகிதம்கூட வாங்காது. சித்திரை வெயிலில் வியர்வை எங்கே போகும்? நம் மேலேயே நிற்கும்!

புதுத் துணியை இரண்டு மூன்று தடவை துவைத்துவிட்டுப் போடுங்கள், முரட்டுத்தனம் குறையும். டெய்லரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: "அண்ணே, ஓவர்லாக் வேண்டாம், உள்ள மடிச்சுத் தைச்சிடுங்க. காலருக்கு கேன்வாஸ் மெல்லிசா இருக்கட்டும்." என் டெய்லர், "மாப்பிள்ளை சட்டைக்குக்கூட இவ்வளவு கண்டிஷன் கேட்டதில்லை தம்பி" என்பார். ஆனால் தைத்துத் தருவார்.

கடைசியாக லேபிள். 2002-ல் அமெரிக்காவில் ஹேன்ஸ் கம்பெனி, விவரத்தைத் துணியிலேயே அச்சடித்து லேபிள் இல்லாத டீ-ஷர்ட் விற்றது. நம்மூரிலும் அப்படி வருகிறது, தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால், தயவுசெய்து கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். வெட்டின பிறகு மிஞ்சும் கட்டை, முழு லேபிளைவிடக் கொடியது. ப்ளேடு முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுக்க வேண்டும்.

இந்த வித்தையை நான்தான் கண்டுபிடித்தேன் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2019-ல் அப்பா காலமானார். காரியமெல்லாம் முடிந்து அவர் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது பனியன்கள். ஒன்றில்கூட லேபிள் இல்லை. வெட்டிய சுவடும் இல்லை. பிடரிப் பக்கம் பொடிப்பொடியாக ஊசி ஓட்டைகள் மட்டும் வரிசையாக. ஒன்பதும் தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி திருப்பி, அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

மறதிக்காரர் செய்கிற காரியமா அது?

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே வீட்டில் இரண்டு பேருக்குக் குத்தியிருக்கிறது. ஒருத்தன் கத்தினான். ஒருத்தர் 'மறந்துட்டேன்' என்று சிரித்து மழுப்பினார். அவர் காலத்தில் தாலுகா ஆபீஸ் க்ளார்க் ஒருத்தர் 'எனக்கு பனியன் குத்துது' என்று யாரிடம் போய்ச் சொல்வார்? ஆனாலும் அன்றைக்கு, 'எனக்கும்தாண்டா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸஃபாரி குத்தாமல் இருந்திருக்காது. கொல்லைப்பக்கம் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

போன ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று, ஒண்ணாம் கிளாஸ் போகும் என் மகள் சாக்ஸை வீசி எறிந்துவிட்டு ஓவென்று அழுதாள். வாசலில் வேன்காரர் ஹாரன். "அடம் பிடிக்கிறா, ரெண்டு போடுங்க!" என்றாள் மனைவி. 'பழகிடும்' என்பது என் வாய்வரை வந்துவிட்டது. முழுங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கம்மா குத்துது?" என்றேன். விரல் நுனித் தையலைக் காட்டினாள்.

"அப்பாவுக்கும் குத்தும்."

அழுகை டக்கென்று நின்றது. "உனக்குமாப்பா?"

"தாத்தாவுக்கும்."

சாக்ஸைத் திருப்பி மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். எழுந்து நடந்து பார்த்தாள். ஓடிப்போய் வேனில் ஏறிவிட்டாள்.

"ஸார், பாப்பா சாக்ஸை மறந்துபோய்த் திருப்பிப் போட்டிருக்கு!" என்றார் டிரைவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"மறக்கல அங்கிள்! எங்க வீட்ல எல்லாரும் இப்படித்தான்!"