பாலத்துக்குக் கீழே பாடிய மீன்

அமிர்தகழியில் எங்கள் வாசலில் நின்றால் ஆறு தெரியும். வாவி என்பது புத்தகத்துச் சொல். எங்களுக்கு அது ஆறுதான். வேம்புக்குக் கீழே சாக்கை விரித்து அம்மப்பா வலை பொத்துவார். கண்ணிக்குள் ஊசி நுழையும்போது கண்ணாடி மூக்கில் இருக்கும். ஆற்றில் தோணி போனால் நெற்றிக்கு ஏறும். அம்மம்மா ஏதும் கேட்டால் மூக்கு நுனிக்கு இறங்கும். விளிம்புக்கு மேலால் ஒரு பார்வைதான் பதில்.

வெள்ளெழுத்துக் கண்ணாடி அது. நாற்பதை ஒட்டிக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகி, கிட்ட உள்ளதைப் பார்க்க மறுக்கும். நடுவில் தடித்த குவிவில்லை அதற்கு முட்டுக்கொடுக்கும், தூரத்தைக் கலக்கிவிடும். இரண்டு டயொப்டர் என்றால் தெளிவெல்லாம் அரை மீற்றருக்குள். வலை அதற்குள்ளே, ஆறு அதற்கு வெளியே.

மூக்கின் மேல் ஏறி நிற்கும் வளைவைப் பாலம் என்பார்கள் என்று டவுன் கண்ணாடிக்கடையில்தான் கேள்விப்பட்டேன். எனக்குத் தெரிந்த பாலம் கல்லடிப் பாலம் ஒன்றுதான். நிலவு நாளில் அதன் கீழே மீன் பாடும் என்பது ஊர்ப்பேச்சு.

"அம்மப்பா, உங்கட பாலத்துக்குக் கீழயும் மீன் பாடுமா?"

"ராவைக்கு வந்து கேள் மனே."

அன்றிரவு கண்ணாடியைக் கழற்றாமலே அவர் தூங்கிப்போனார். பாலத்துக்குக் கீழிருந்து வந்த குறட்டையில் ஓலைக் கூரை அதிர்ந்தது. அம்மம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஆடி அமாவாசை. மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்குளத்தில் தகப்பனை இழந்தவர்கள் முழுகும் நாள். அம்மப்பா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுப் படியிறங்கினார். நான் போட்டுப் பார்த்தேன். கோபுரமும் சனமும் கஞ்சிபோலக் கரைந்தன. உள்ளங்கை ரேகை மட்டும் வாய்க்கால் அளவு தெரிந்தது. யாரோ இடித்தார்கள். கண்ணாடி கீழே விழுந்து, பிணைச்சலின் திருகாணி தெறித்து ஒரு கை கழன்றது. அத்தனை காலடிகள் மிதித்த மணலில் எள்ளளவு ஆணியை எங்கே தேடுவது?

ஈர வேட்டியோடு வந்தவர் ஏசவில்லை. வீடு வந்ததும் ஒற்றைக் கைக் கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வலையை எடுத்தார். மற்றக் கை மட்டும் என்ன செய்யும்? இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த மூக்குக்கண்ணாடிக்குக் காதில் மாட்டும் கைகள் முளைத்தது 18ஆம் நூற்றாண்டில்தான் என்று பின்னாளில் படித்தபோது, அந்த ஒற்றைக் கைத் தவிப்புத்தான் நினைவுக்கு வந்தது.

கடைக்குப் போகலாம் என்றேன். அவர் தங்கூசி நூலில் ஒரு துண்டை வெட்டி, பிணைச்சல் ஓட்டைக்குள் கோத்து முடிந்தார். அந்தக் கை அதன்பிறகு மடங்கவே இல்லை. கண்ணாடிக் கூட்டின் மூடியும் பூட்டவில்லை.

போன வருசம் அலுமாரியில் அந்தக் கூடு கிடைத்தது. எனக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவருடைய கண்ணாடியைக் கிட்ட வைத்துப் பார்த்தேன். மயிரளவு இடத்தில், வலைக் கண்ணிக்குப் போடும் அதே முடிச்சு.

கண்ணாடியைக் கட்டும்போது அவர் கண்ணில் கண்ணாடி இருந்திருக்காதே என்பது அப்போதுதான் உறைத்தது.