பட்டாளத்துக் காகிதமும் ஓர் ஐரிஷ் குடும்பமும்

ஜூன் 3

லோலா மொன்டேஸின் கல்லறைப் படத்தை இன்று பெரிதாக்கிப் பார்த்தேன். நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியிலுள்ள கிரீன்வுட் இடுகாட்டில் இருக்கிறது. எலிசா கில்பர்ட் என்ற இயற்பெயரும், 1861 ஜனவரி 17 என்ற இறந்த தேதியும், வயது 42 என்ற கணக்கும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. வயதுதான் தப்பு. இறந்தபோது அவருக்கு நாற்பதே நிறையவில்லை.

ஸ்பானிய நடனக்காரி என்று சொல்லி ஐரோப்பிய மேடைகளில் ஆடியவர் இவர். பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் 1848-ல் முடிதுறந்ததற்கு இவர்மேல் வைத்த மோகமும் ஒரு காரணம். ஆனால் பிறந்தது அயர்லாந்தில். அப்பா பட்டாளத்து அதிகாரி. லிமெரிக் என் ஊர் என்று அவரே சொல்லிவந்தார். எழுதியவர்களும் 1818, லிமெரிக் என்றே ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் அப்படியே ஓடியது.

ஜூன் 5

அந்தக் கதையை உடைத்தது ஒரு ஞானஸ்நானப் பதிவு. 1990-களின் பிற்பகுதியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. லிவர்பூல் நகரத்துப் புனித பேதுரு ஆலயம், 1823 பிப்ரவரி 16. குழந்தை பிறந்தது ஸ்லைகோ மாவட்டத்தின் கிரேஞ்ச் கிராமத்தில், 1821 பிப்ரவரி 17-ல். இரண்டு வயது முடிய ஒரே ஒரு நாள் இருக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு தாமதம்? ஏன் லிவர்பூல்? மற்ற தேதிகளைப் பக்கத்தில் வைத்தால் விளங்கிவிடுகிறது. லோலாவின் அப்பா எட்வர்ட் கில்பர்ட் தன் 25-ஆம் ரெஜிமென்டோடு கார்க் நகருக்கு வந்தது 1818 டிசம்பரில். எலிசா ஆலிவரை மணந்தது 1820 ஏப்ரல் 29-ல். அப்பாவும் அம்மாவும் சந்தித்ததே 1818-ன் கடைசி மாதம் என்றால், மகள் அந்த வருஷம் எப்படிப் பிறந்திருக்க முடியும்? குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது 1823 மார்ச் 14. நீண்ட கடல் பயணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று பெற்றவர்கள் நினைத்திருப்பார்கள். இது என் ஊகம்தான். ஆனாலும் நான் இதை நம்புகிறேன்.

இந்தியா வந்த அதே வருஷம் பாட்னாவை அடுத்த தானாப்பூரில் எட்வர்ட் காலராவில் போய்விட்டார்.

ஜூன் 9

பரங்கிமலையில் எங்கள் தெருவில் இருக்கும் ஆங்கிலோ-இந்திய ஆன்ட்டி அவர் தாத்தாவின் தாத்தாவுடைய டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்து வந்தார். அந்த ஐரிஷ்காரர் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் பீரங்கிப் படையில் இருந்தவர். அந்தப் படைக்குத் தலைமையிடமே இந்தப் பரங்கிமலைதான். "அயர்லாந்துல எந்த ஊருன்னு மட்டும் தெரிஞ்சா போதும் மேன்" என்றார் ஆன்ட்டி.

விளக்கடியில் வைத்துப் படித்தேன். உயரம், கண் நிறம், முடி நிறம், சேருமுன் செய்த தொழில் கூலிவேலை. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. மாவட்டம் டிப்பெரரி. ஊர்ப் பங்கின் பெயர் இருந்த இடத்தில்தான் காகிதத்தின் மடிப்பு. தலைமுறை தலைமுறையாக அதே மடிப்பில் மடித்து மடித்து, எழுத்து உதிர்ந்துவிட்டது.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரரை வேறு யார் இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்து எழுதிவைத்திருக்கப் போகிறார்கள்? காகிதம் வேறொருவர் கையில் சிக்கினால் ஏமாற்ற முடியாதபடி அங்க அடையாளம் வேண்டும், அதற்காகத்தான் எழுதினார்கள். இன்று அந்த மனிதரின் கண் நிறம் அவர் வழிவந்த ஆன்ட்டிக்குத் தெரிகிறது. 1830-ல் பிரிட்டிஷ் ராணுவத்தில் நூற்றுக்கு 42 பேர் ஐரிஷ்காரர்கள். பசிதான் அவர்களைச் சேர்த்தது.

ஜூன் 14

அயர்லாந்தில் தேடுகிறவர்கள் எல்லாரும் 1922 ஜூன் 30-ல் போய் முட்டிக்கொள்கிறார்கள். உள்நாட்டுப் போரில் டப்ளின் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் அன்று வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு குடிக்கணக்குகளும் அநேகமாக முழுக்கப் போயின. 1861, 1871 கணக்குகளை அரசே முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. முழுசாக மிஞ்சிய முதல் கணக்கு 1901-உடையது.

என்னை உலுக்கியது வேறொன்று. பத்திரமாக இருக்கட்டும் என்று டப்ளினுக்குக் கொண்டுவந்து சேர்த்த, புராட்டஸ்டன்ட் பிரிவான அயர்லாந்து திருச்சபையின் பதிவேடுகள்தான் எரிந்தன. கத்தோலிக்கப் பதிவேடுகளை அரசு தன் ஆவணமாகக் கருதியதே இல்லை. அதனால் அவை அந்தந்தப் பங்குச் சாமியார் வீட்டிலேயே கிடந்தன, தப்பித்தன. தேசிய நூலகம் அவற்றைப் படச்சுருளாக்கி, 2015-ல் இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

ஜூன் 18

இந்தியப் பக்கம் நிலைமை பரவாயில்லை. சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணக் கோயில்களில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்குப் போயின. படைவீரர் பட்டியல்களும் அப்படியே. இன்று எல்லாம் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆன்ட்டியின் காகிதத்தில் உதிர்ந்த ஊர்ப் பெயர், லண்டன் பட்டியலில் முழுசாக இருக்கிறது. அவரிடம் போய்ச் சொன்னேன். இரண்டு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு சரியா என்று என்னைக் கேட்டார்.

ஜூன் 22

அந்த ஊர்ப் பங்கின் பதிவேட்டில் ஆன்ட்டியின் மூதாதை பெயரில், ஒரே பத்தாண்டுக்குள் மூன்று பிள்ளைகள். அயர்லாந்தில் இது சகஜம். தாத்தா பெயர் பேரனுக்கு. படையில் சேரும்போது சொன்ன வயதையும் நம்ப முடியாது. ஞானப்பெற்றோர் பெயர்களை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

பெண்களைத் தேடுவதுதான் பெரும் பாடு. பட்டாளத்தில் விதவையானால் ரேஷன் நின்றுவிடும்; சீக்கிரமே மறுமணம் செய்தாக வேண்டும். எட்வர்ட் கில்பர்ட்டின் மனைவியே மறுவருஷம் லெப்டினன்ட் கிரெய்கியின் மனைவி. ஒரே பெண் இரண்டு மூன்று குடும்பப் பெயர்களில் வருவாள். இந்தியத் தாய்மார்களுக்கு அதுவும் இல்லை. பல பதிவுகளில் அப்பாவின் பெயர், பதவி, ரெஜிமென்ட் எல்லாம் இருக்கும். அம்மா இருக்க வேண்டிய இடம் காலி. பிள்ளையைப் பெற்று வளர்த்தவளை எழுத ஒரு வரி மை செலவழிக்க மனம் வரவில்லை அந்த எழுத்தர்களுக்கு. இதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆன்ட்டியின் பாதி வேர் டிப்பெரரியில் இருந்தால், மறுபாதி இந்த மலையடிவாரத்தில்தான் எங்கோ இருக்கிறது. அதைக் காட்ட ஒரு தாளும் இதுவரை கிடைக்கவில்லை.

ஜூன் 27

ஆன்ட்டியின் காகிதத்தைப் படமெடுத்து, கனடாவில் இருக்கும் அவர் மகளுக்கு ஒரு பிரதி அனுப்பினோம். மூலத்தை இனி மடிக்காமல் தட்டையாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படிப்பவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் பட்டாளத்து டிஸ்சார்ஜ் காகிதமோ, ஞானஸ்நானச் சீட்டோ, பென்ஷன் புத்தகமோ இருக்கலாம். அது எந்த நாட்டுக்காரருடையதானாலும் சரி, இந்த வாரமே படமெடுத்து வேறொரு வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். பின்பக்கத்தில் பாட்டியின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் மறக்காமல் எழுதுங்கள்.